ஆயுத பூஜையும் வருமான வரியும்

நாகர்கோவில் பக்கத்துக் கம்பெனிகள் ஆயுத பூஜைக்குச் செய்யும் செலவில் நமக்கும் பங்குண்டு என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. நூற்றுக்கு 25 வரி கட்டும் ஒரு கம்பெனி 1,00,000 ரூபாயை வியாபாரச் செலவென்று எழுதி, அதிகாரியும் அதை ஒப்புக்கொண்டால், சர்க்காருக்கு வரவேண்டிய 25,000 ரூபாய் வராமற் போகிறது. அந்தக் குறை, சோப்புக்கும் செருப்புக்கும் வரி கொடுத்துக்கொண்டு அண்டியாபீஸில் கொட்டை உடைக்கும் பெண்மக்கள் தலையில்தானே விழும்?

முழுக்க முழுக்க வியாபாரத்துக்கே செய்த செலவாயிருக்க வேண்டும், சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இருக்கக் கூடாது என்று 1961-ஆம் வருடச் சட்டத்தின் 37-வது பிரிவு சொல்லிற்று. 2025-ஆம் வருடப் புதுச் சட்டத்திலும் இதே அளவுகோல்தான். 1968-ல் நேர்முக வரி போர்டார் ஒரு கடிதம் அனுப்பினார்கள். தீபாவளிச் செலவையும் புதுக்கணக்கு முகூர்த்தச் செலவையும் ஒப்புக்கொள்ளலாமாம். ஆனால் அது மதச் செலவாக மட்டும் இருக்கக் கூடாதாம்! முகூர்த்தத்தில் மதத்தைக் கழித்தால் மிச்சம் என்ன? தொழிலாளிக்குக் கொடுக்கும் இனிப்பும் வேஷ்டியுந்தான். அது நியாயமான செலவே என்போம். வேலை செய்கிறவன் மனம் குளிர்ந்தால் ஆலைக்கு லாபம். புரோகிதருக்குத் தட்சணையும் மெஷினுக்குச் சந்தனமும் எதற்கு? மெஷின் ஓடுவது எண்ணெயால். எண்ணெய்ச் செலவைத் தாராளமாய் எழுதிக்கொள்ளட்டும்.

இன்னொரு வேடிக்கை. 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு 2 பொதுநலத்துக்குச் செலவிட வேண்டும். அப்படிப் பள்ளிக்கூடம் கட்டினால் அதை வியாபாரச் செலவாகக் கழிக்கக் கூடாதென்று 2014-ல் திருத்தம் செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்கே இவ்வளவு கண்டிப்பென்றால், 'பூஜைச் செலவு' என்று ஒரே வரியில் வரும் கணக்கையும் அதிகாரிகள் பிரித்துக் கேட்கட்டும். இனிப்புக்கு எவ்வளவு, புரோகிதருக்கு எவ்வளவு?