விளைகிற காடும் கல் நட்ட மனையும்



நம் சங்கக் கூட்டங்களில் தேநீர் வருவதற்குள் எப்படியும் ஒரு பேச்சு வந்துவிடும். "நாம் கட்டாத வரி எது? தோட்டத்துக்காரர் கட்டுகிற வரி எது?" என்பதே அது. கடைக்கு வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரைக் கட்டணம், இவை போகச் சரக்கு சேவை வரி. 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரியை உயர்த்தியபோது, சிறிய வீடுகளுக்கு 25 சதவீதம் என்றார்கள். நகராட்சிகளில் உள்ள கடைகளுக்கு 100 சதவீதம் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ ஏக்கருக்குச் சில ரூபாய் கிஸ்தி கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார் என்பது நம் குறை.

குறை நியாயமானதுதான். ஆனால் அதை நாம் காட்டுகிற திசை சரியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இதைப் படித்துவிட்டு நம்மவர்களே சிலர் கோபப்படக்கூடும். படட்டும்.

முதலில் நம் கல்லாவைப் பார்ப்போம். புதுச்சத்திரம் சுற்று வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும், நம் வியாபாரம் நிற்பது நிலக்கடலை, சோளம், மக்காச்சோளம், மரவள்ளி, வெங்காயம் இவற்றின் மேல்தான். கடலை பிடுங்கி விற்றவுடன் பழைய பாக்கியைத் தீர்த்து நோட்டில் கோடு போடுவார்கள். அதே கையோடு மூட்டை அரிசி, டின் எண்ணெய், ஐந்து கிலோ துவரம்பருப்பு வாங்குவார்கள். சாக்கு, கயிறு, பிண்ணாக்கு, தவிடு எல்லாம் அந்தப் பணத்தில்தான் போகும். நம் கடை ஒன்றில் இருபது ஆண்டுகள் இப்படிக் கணக்கு வைத்திருந்த ஒரு குடும்பம் மூன்று ஏக்கரை மனைக்கு விற்றது. முதல் வருடம் பணம் புழங்கியது. சாமான் வாங்க நாமக்கல்லுக்குப் போனார்கள். இப்போது அதே வீட்டம்மாள் நம் கடைக்கு வந்து கால் லிட்டர் எண்ணெயும் பத்து ரூபாய் மசாலாப் பொட்டலமும் வாங்குகிறார். அந்த மூன்று ஏக்கரில் வீடு கட்டியவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. கல் மட்டும் நிற்கிறது. ஒரு ஏக்கர் காடு போனால் ஒரு வாடிக்கையாளர் போனார் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டே சொல்லும்.

நிலவரி என்பதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கைப்படி சேலமும் பாராமகாலும் கம்பெனி வசம் வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோ முதலானோரும் வயல் வயலாக அளந்து, ரயத்து நேரடியாகத் தீர்வை கட்டும் முறையைத் தொடங்கியது இந்தச் சீமையில்தான். இடையில் மிட்டாக்களாக ஏலம் விட்டுப் பார்த்தார்கள். கிஸ்தி கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் நொடித்துப் போனார்கள். இதே மன்றோ 1807இல், தாம் பார்த்து வந்த மாவட்டங்களில் தீர்வையை நாலில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லி எழுதினார். இரக்கத்தால் அல்ல, தீர்வை கனத்தால் நிலம் தரிசாகிவிடும், வரியும் வராது என்ற கணக்கால். வியாபாரிக்குப் புரிகிற கணக்கு அது.

இன்றைய கிஸ்தி பெயரளவுக்குத்தான். நிலவரி ஒரு ரூபாய்க்குத் தலவரி ஒரு ரூபாய், அதன் மேல் தலமேல்வரி என்று சேர்த்தாலும் கனம் இல்லை. ஆகவே கிஸ்தியை உயர்த்து என்று கேட்பதால் ஊராட்சிக்குப் பெரிதாக ஒன்றும் வந்துவிடப் போவதில்லை. உண்மையான பாரம் வேறு இடத்தில் காத்திருக்கிறது. நகர எல்லை நகரும்போதுதான் அது வந்து இறங்கும்.

2024இல் நாமக்கல் நகராட்சி மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது, வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் போய்விடும் என்று கிராம மக்கள் எதிர்த்தது நமக்குத் தெரியும். நகர எல்லைக்குள் கட்டிடமும் இல்லாமல் விவசாயமும் நடக்காமல் கிடக்கும் நிலத்துக்குக் காலிமனை வரி உண்டு. அது சதுர அடிக் கணக்கு. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. சதுர அடிக்குப் பத்தே பைசா என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் ஏக்கருக்கு 4,356 ரூபாய். இங்கேதான் ஒரு சங்கடம். நம் பக்கத்து மானாவாரிக் காடு ஆடியில் உழுது விதைத்து, தையில் ஓய்ந்துவிடும். மாசியில் வந்து பார்க்கிற வரி வசூலிப்பவர் கண்ணுக்கு அது காலிமனையாகத்தான் தெரியும். மழை பொய்த்த வருடத்தில் கேட்கவே வேண்டாம். விளைச்சலும் இல்லை, வரியும் உண்டு என்றால் அவர் தரகரைத்தான் கூப்பிடுவார்.

வருமான வரியிலும் இதே கதை. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டப்படி, 10,000 முதல் ஒரு லட்சம் வரை மக்கள் தொகை உள்ள நகரத்தின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் 8 கிலோமீட்டர் என்று ஆகாய வழியாக அளந்து அதற்குள் இருக்கும் நிலம் கிராமத்து நிலம் ஆகாது. ஊர் எல்லை நகர்ந்தால் இந்த வட்டமும் நகரும். புதுச்சத்திரம் இன்று தள்ளித்தான் இருக்கிறது. நான்கு வழிச் சாலையில் நாமக்கல்லும் ராசிபுரமும் நம்மை நோக்கி வருகிற வேகத்தைப் பார்த்தால், இன்றே பேசிவைப்பது நல்லது.

"பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். அதை அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி 2020 பிப்ரவரி 9ஆம் தேதி அறிவித்தது நம் சேலம் மாவட்டத் தலைவாசலில். ஆனால் சட்டம் காவிரி டெல்டாவுக்கு. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இல்லை. டெல்டாவிலும் அச்சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தாமிர ஆலை போன்றவற்றை. வயலைக் கூறுபோட்டு மனையாக விற்பதற்கு அதில் தடை இல்லை, வரியைப் பற்றியும் பேச்சில்லை.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1956இலேயே, விவசாயம் நடக்கும் நிலத்துக்கு அதன் விளைச்சல் மதிப்பில்தான் சொத்து வரி, மனை விலையில் அல்ல என்று சட்டம் செய்தது. கலிபோர்னியா 1965இல், பத்து ஆண்டுகள் விவசாயம் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்று ஒப்பந்தம் எழுதித் தருபவருக்கு மட்டும் குறைந்த வரி என்றது. பென்சில்வேனியாவில் சலுகையை அனுபவித்துவிட்டு நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால், ஏழு ஆண்டுச் சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்றால், இல்லை. புளோரிடாவில் வீட்டுமனைக் கம்பெனிகள் நாலு மாடுகளை வாடகைக்குப் பிடித்து வந்து மேயவிட்டு, இதுவும் விவசாய நிலம் என்று சலுகை வாங்கிய கதை பிரசித்தம். நம் ஊர் ஆட்களுக்கு மாடு கூடத் தேவைப்படாது.

அதைச் சொல்லும்போது நம்மையும் சொல்லியாக வேண்டும். கல்லாவில் மிஞ்சிய காசை நெடுஞ்சாலை ஓரத்து மனையில் போட்டவர்கள் யார்? 2016 செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, இரவு தூக்கம் வராமல் கிடந்தவர்களில் நம் உறுப்பினர்கள் கொஞ்சப் பேரா? 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. பட்டாவில் புஞ்சை, தரையில் கல் என்று பத்து வருடமாகக் கிடக்கிற நிலம் நம்மிடமே உண்டு. தோட்டத்துக்காரர் வரி கட்டவில்லை என்று பேசுகிற வாய் நம்முடையது.

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியது இது. உழுது விதைக்கிற நிலம் மாநகராட்சிக்குள் வந்தாலும் அதற்கு விளைச்சல் மதிப்பில்தான் வரி இருக்க வேண்டும். விவசாயம் நடந்ததா என்பதை ஒரு நாள் பார்வையில் முடிவு செய்யாமல், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி முழுவதற்குமான அடங்கலை வைத்து முடிவு செய்ய வேண்டும். மழை பொய்த்த பசலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கல் நட்ட நிலத்துக்குச் சலுகை வேண்டாம். மனையாக மாற்றும்போது கடந்த சில ஆண்டுச் சலுகையைத் திருப்பி வாங்கி, அதை அந்த ஊராட்சிக்கே, குளத்துக்கும் சாலைக்கும் கொடுக்கட்டும். கடை வரியை மட்டுமே நம்பி ஊராட்சி நடத்துகிற நிலை அப்போதுதான் கொஞ்சம் மாறும்.

மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காட்டை விற்கிறவர் தலையில் இது விழாதா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். விழாது என்று பொய் சொல்ல மாட்டோம். மனை போடுகிறவரிடம் வாங்கினாலும் அவர் அதை விலையில் கழித்துக்கொள்ளத்தான் பார்ப்பார். இன்னொரு விவசாயிக்கு விற்றால் ஒரு பைசாவும் கிடையாது, சிறு விவசாயிக்கு விலக்கு என்று வைத்தால் அடி குறையும். முழுவதும் போகாது.

வைகாசி, ஆனியில் அவரவர் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். மனு எழுதித் தர நம் சங்க அலுவலகத்தில் ஆள் இருக்கிறது. அதற்கு முன், நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் அடங்கல் நகலை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பயிர் என்று எழுதியிருந்தாலும் சரி, தரிசு என்று எழுதியிருந்தாலும் சரி, மேசை மேல் வைத்துவிட்டுப் பேசுவோம்.