எரிந்த கோயிலும் எழுந்த கோயிலும்

லுத்தரன் சபை தமிழருக்குப் புதியதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை அனுப்பிய நான்காம் பிரடெரிக், டென்மார்க், நார்வே ஆகிய இரு நாடுகளுக்கும் அரசர். அந்த நார்வேயில் எழுந்த மரக்கோயில் ஒன்றைப் பற்றி இம்மாதம் காண்போம்.

ஸ்வீடன் எல்லைக்கு அண்மையில், குளோமா ஆறு பாயும் காட்டு நாட்டில் உள்ளது வோலர் என்னும் ஊர். அங்கே 1805-இல் எழுப்பிய மரத்தாலான தேவாலயம் 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. இரு நூற்றாண்டுகளாக ஞானஸ்நானமும் மணவினையும் அடக்க ஆராதனையும் கண்ட கூரை சாம்பலாயிற்று. முன்னோரின் கல்லறைகள் சூழ நின்றன.

இழந்ததை இழந்தவாறே கட்டுவதா, அன்றிப் புதியதை எழுப்புவதா? பெர்கன் நகரையடுத்த பான்டாப்ட் மரக்கோயில் 1992-இல் எரிந்தபோது, பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினர். வோலர் மக்கள் வேறு வழி கண்டனர். போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டு, 200-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்து குவிந்தன. எஸ்பென் சுர்னெவிக் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடம் தேர்வு பெற்றது. 2015-இல் புதிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பலிபீடத்தின் மேல் ஒன்றும் ஞானஸ்நானத் தொட்டியின் மேல் ஒன்றுமாக இரு கூர்ங்கூரைகள் வானை நோக்கி உயர்கின்றன. உட்புறமெங்கும் வெளிறிய பிர்ச் மரப் பலகை; மேலிருந்து இறங்கும் ஒளி அதன்மேல் படிகிறது.

தீயில் அழிந்ததை மீண்டும் மரத்தாலேயே கட்டுவது பேதைமையன்றோ என ஐயுறலாம். பருத்த மரத்தின் இயல்பு வேறு. தீப்பட்டால் அதன் மேற்புறம் கரியாகும். அக்கரியே உள்மரத்துக்குக் கவசமாகித் தீயின் வேகத்தைத் தணிக்கும். சுள்ளி பற்றுவது போல் பெருங்கட்டை பற்றாது என்பதை விறகடுப்பு மூட்டிய தாய்மார் நன்கு அறிவர்.

எல்லாவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது ஒன்றுண்டு. பழைய கோயில் நின்ற நிலத்தின்மேல் புதியதை அவர்கள் எழுப்பவில்லை. அவ்விடத்தை நினைவிடமாக விட்டு, கல்லறைத் தோட்ட வாயிலிலிருந்து வருவோர் அதனூடே நடந்து புதிய வாசலை அடையுமாறு அமைத்தனர்.

ஊர்விட்டு வந்த நாமும் வந்த இடத்தில் கோயிலும் சங்கமும் எழுப்புகிறோம். சொந்த ஊர்க் கோயிலை அச்சு மாறாமல் இங்கே நிறுத்த வேண்டுமென்பர் பெரியோர். இவ்வூருக்கும் இக்காலத்துக்கும் ஏற்பது வேண்டுமென்பர் இளைஞர். புதிய வாசலுக்குச் செல்லும் வழி பழைய நிலத்தினூடே அமையுமாயின், இரு திறத்தாரும் ஒன்றாக உள்ளே செல்லலாம்.