மழை யார் காதில் விழுகிறது?

2025 ஆகஸ்ட் நடுவில் மும்பைக்கு ஒரு தொடர் விடுமுறை வாய்த்தது. வெள்ளிக்கிழமை சுதந்திர நாள், சனிக்கிழமை தஹி ஹண்டி, அதற்கடுத்து ஞாயிறு. லோனாவளா, அலிபாக் என்று பயணத் திட்டங்கள் வகுக்கப்பட்டிருந்த வீடுகளில் மழை குறுக்கே வந்தது. சனிக்கிழமை அதிகாலையில் விக்ரோலியில் மண் சரிந்து இருவர் உயிரிழந்தனர். செவ்வாய்க்கிழமை பள்ளி, கல்லூரிகளோடு அரசு அலுவலகங்களுக்கும் விடுமுறை அறிவிக்கப்பட்டது. நாட்காட்டி அளித்த மூன்று நாள்களை மழை மேலும் நீட்டித்தது.

அத்தகைய நாள்களில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் எவரும் எழுதி வைப்பதில்லை. துவைத்த துணி காய்வதில்லை. கொடியிலிருந்து ஜன்னல் கம்பிக்கும், கம்பியிலிருந்து மின்விசிறியின் கீழிருக்கும் நாற்காலிக்கும் அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ரவையில் வண்டு வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலமாரியின் பின்புறம் பூத்திருக்கும் பூஞ்சையைத் துடைக்க வேண்டும். சுவரில் நீர் கசியும் இடத்தில் வாளி வைக்க வேண்டும். வாளி நிரம்புவதற்குள் நினைவும் வர வேண்டும். சிராவண மாத நோன்பு இருப்பவருக்கு ஜவ்வரிசிக் கிச்சடி, இல்லாதவருக்கு வழக்கமான சமையல், மழைக்கு இதமாக எல்லோருக்கும் வெங்காய பஜ்ஜி, நாளுக்கு நான்கு முறை தேநீர். குடும்பம் முழுவதும் வீட்டிலிருக்கும் நாளில் வேலை குறைவதில்லை, பெருகுகிறது.

இந்த வேலைகளுக்கு நடுவே, எல்லா வீடுகளிலும் ஒரே வடிவில் கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு. சமையலறையில் கை நனைந்திருக்கும் பெண்ணுக்கு மழையின் ஓசை மாறுவது கேட்கிறது. ஓடி வந்து பால்கனித் துணிகளை எடுக்கிறாள். பால்கனிக்கு இரண்டடி தள்ளி அமர்ந்திருக்கும் கணவர் நிமிர்ந்து பார்த்து, உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறார்: "சொல்லியிருந்தால் நான் எடுத்திருப்பேனே."

இந்த வாக்கியத்தில் பொய் இல்லை. சொல்லியிருந்தால் அவர் எடுத்திருப்பார். மழை இருவர் காதிலும்தான் விழுந்தது. ஒருவருக்கு அது வானிலை, மற்றவருக்கு அது கட்டளை. தொடர் விடுமுறையைப் பற்றிய கேள்வி இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

விடுமுறை என்ற சொல்லுக்குள் 'விடு' இருக்கிறது. மராத்தியின் 'ஸுட்டீ' என்ற சொல் விடுபடுதல், அவிழ்தல் எனப் பொருள்படும் 'ஸுட்ணே' என்ற வினையோடு உறவுடையது. இந்தியின் 'ச்சுட்டீ'க்கும் 'ச்சூட்னா' என்ற வினையோடு அதே உறவு. மூன்று மொழிகளிலும் விடுமுறை என்பது ஒரு கட்டிலிருந்து விடுபடுவது. கட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முன்பே வகுக்கப்பட்டிருந்தால்தான் விடுபட முடியும்.

அந்த எல்லை இயல்பாக அமைந்ததன்று. இதே நகரத்தில் போராடிப் பெறப்பட்டது. சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வைத்த கோரிக்கைகளுள் வார விடுமுறையும் ஒன்று. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஏற்றனர். அக்கோரிக்கைக்காகக் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். ஆலையின் கதவு ஞாயிறன்று அவர்களுக்கும் மூடப்பட்டது. அடுப்புக்கு ஞாயிறு கேட்கும் கூட்டம் எதுவும் நடந்ததில்லை. யாரிடம் கேட்பது என்பதே தெளிவாக இருந்ததில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு ஓர் அளவைத் தந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில், ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்கள் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை முறையே 289, 88 என ஆயின. இரண்டுக்கும் இடையில்தான் 2020இன் ஊரடங்கு வந்தது. அதற்குப் பின் வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்யும் வழக்கமும் பரவியது. முன்பு எப்போதையும்விட அதிகமான ஆண்கள் வீட்டை உள்ளிருந்து பார்த்தார்கள். பார்த்தது பழக்கமாக மாறியதற்கான தடயம் இந்த எண்களில் இல்லை.

எண்களும் முழுக் கதையைச் சொல்வதில்லை. அந்தக் கணக்கெடுப்பு முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் இருபத்து நான்கு மணி நேரத்தை அரைமணிக் கூறுகளாகப் பிரித்துப் பதிகிறது. துணி துவைத்தது அதில் ஏறும். துணி வெளியில் காய்கிறது என்பதை நாள் முழுவதும் மனத்தின் ஓரத்தில் வைத்திருந்தது ஏறாது. பத்து நொடியில் செய்து முடிக்கும் வேலைக்காகப் பத்து மணி நேரம் காதைத் திறந்து வைத்திருப்பதை எந்த அரைமணிக் கட்டத்தில் எழுதுவது? கை ஓய்ந்திருக்கும் நேரத்திலும் இந்தக் கவனம் ஓய்வதில்லை. விடுமுறை மறுக்கப்படுவது முதலில் இங்குதான்.

இதை மறைத்து வைக்கும் சொல் ஒன்று மொழியில் இருக்கிறது. அது 'உதவி'. "அவர் வீட்டு வேலையில் மனைவிக்கு உதவுகிறார்" என்பது பாராட்டாகவே சொல்லப்படுகிறது. ஆனால் வேலை மனைவியுடையது என்பதை அந்த வாக்கியம் சொல்லாமலே நிறுவிவிடுகிறது. ஒரு வாக்கியம் இவ்வாறு சொல்லாமல் ஏற்கச் செய்யும் கருத்தைக் கண்டறிய எளிய வழி, அதை மறுத்துப் பார்ப்பது. "அவர் உதவுவதில்லை" என்று மாற்றினாலும் வேலை அவளுடையதாகவே எஞ்சுகிறது. பாராட்டும் குற்றச்சாட்டும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன. தமிழிலும் மராத்தியிலும் அவளுக்கு உதவுகிறார். இந்தியில் 'அவளுடைய' உதவி செய்கிறார். வேற்றுமை உருபு மாறுகிறது, உடைமை மாறுவதில்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினச் சொற்கையேடு 'ஹவுஸ்வைஃப்' என்பதற்கு மாற்றாக 'ஹோம்மேக்கர்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. நல்ல மாற்றம்தான். ஆயினும் பெயர்ச்சொல் மாறிய பின்னும் அருகிலிருக்கும் வினைச்சொல் பழையதாகவே இருந்தால் வீட்டின் இலக்கணம் மாறாது.

வாரம் முழுவதும் மின்சார ரயிலில் நின்றபடி பயணம் செய்து வருபவருக்கு மூன்று நாள் ஓய்வு கூடாதா என்று கேட்கலாம். கூடும், கட்டாயம் வேண்டும். அவருடைய களைப்பு உண்மையானது. ஆனால் அந்தக் களைப்புக்கு நாட்காட்டியில் ஓர் இடம் இருக்கிறது. அதே ரயிலின் மகளிர் பெட்டியில் நின்று வருபவளின் களைப்புக்கு அந்த இடம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் ஒரு வேலையிலிருந்து விடுபட்டு மற்றொன்றுக்குள் முழுநேரமாக நுழைகிறாள்.

இந்தக் கணக்கில் இன்னொரு பெண்ணையும் சேர்க்க வேண்டும். நீர் தேங்கிய தெருவைக் கடந்து பாத்திரம் தேய்க்க வருபவள் மழையால் வராதுபோனால், அவள் வேலை வீட்டிலிருக்கும் ஆணிடம் செல்வது அரிது. பெரும்பாலும் மற்றொரு பெண்ணிடமே செல்கிறது. அவள் வந்துவிட்டாலோ, மழையில் வந்தாளே என்ற வியப்போடு அது முடிந்துவிடுகிறது. வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. மழைநீர் அவளுடைய வீட்டுக்குள்ளும்தான் புகுந்திருக்கும். அங்கே துடைப்பதற்கு அவளுக்கு விடுமுறை தருபவர் யார்?

ஆகவே வேண்டுவது கூடுதல் உதவியன்று. வேலைகளை முழுமையாகக் கைமாற்றுவதே. துணி ஒருவர் பொறுப்பு என்றால், துவைப்பதோடு அது முடியாது. வானத்தைப் பார்ப்பதும், மழையின் ஓசைக்கு எழுவதும், ஈரம் போகாத பள்ளிச் சீருடையைத் திங்கட்கிழமைக்குள் எப்படிக் காயவைப்பது என்று ஞாயிறு இரவு எண்ணுவதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். முதலில் சில துணிகள் நனையும். அப்போது குறுக்கே பாயாமல் இருப்பதும், நனைந்ததற்காக ஏளனம் செய்யாமல் இருப்பதும் கைமாற்றத்தின் பகுதியே. பட்டியல் போட்டுக் கொடுத்து நினைவூட்டிக்கொண்டே இருந்தால், கை மட்டுமே மாறியிருக்கும். காது பழைய இடத்திலேயே இருக்கும்.

அடுத்த தொடர் விடுமுறையிலும் மழை வரலாம். அன்று அந்த வீட்டுக்கு விடுமுறை கிடைத்ததா என்பதை அறிய எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை. முதல் துளி விழும்போது யார் எழுகிறார் என்று பார்த்தால் போதும். மற்றவர் அந்த மழையை வெறும் மழையாகக் கேட்டுக்கொண்டு, தேநீர் ஆறுவதற்குள் குடித்து முடித்தால், அவருக்கு விடுமுறை கிடைத்துவிட்டது என்று பொருள்.