தாங்காவில் செத்தவர்களுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பட்டா, குடிநீர், முதியோர் உதவித்தொகை என்று திங்கட்கிழமை தோறும் மனுக்கள் குவியும் உங்கள் மேசைக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழைய விவகாரம் ஒன்றைக் கொண்டு வருகிறேன். மனுதாரர்கள் யாரும் உயிரோடு இல்லை. அதனால் மடலாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்றைய தான்சானியாவில் உள்ள தாங்கா துறைமுகம் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. அதைப் பிடிக்கச் சுமார் 8,000 பேர் கொண்ட படை ஒன்று 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறியது. அதில் ஒரு பட்டாளத்துக்குப் பெயர் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. கம்பெனிக் காலத்துப் பழைய பட்டாளம் அது. 1903இல் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் பட்டாளங்களுக்கெல்லாம் எண் மாற்றியபோது, மதராஸ் பட்டாளங்களின் பழைய எண்ணோடு 60 கூட்டினார்கள். 3 என்பது 63 ஆனது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் உங்கள் மாவட்டத்துக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. சென்னை மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் சேர்ந்தவர்கள். சம்பளம் மாதம் 11 ரூபாய். போனது உங்கள் ஊரின் பெயரில்.

கப்பல்கள் மெதுவாக ஊர்ந்தன. கடலையே பார்த்திராதவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார்கள். சில பட்டாளங்களுக்குப் புது ரகத் துப்பாக்கியே புறப்படுகிற சமயத்தில்தான் கைக்கு வந்தது. வேவு பார்க்க ஆள் அனுப்பவில்லை. சண்டைக்கு முன்பே பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் தளபதி துறைமுகத்துக்குப் போய், ஊரைத் தாக்காமலிருக்கச் செய்திருந்த ஏற்பாடு இனிச் செல்லாது என்று ஜெர்மானியரிடமே அறிவித்துவிட்டு வந்தார். அந்த அவகாசத்தில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் ரயிலில் தன் ஆட்களைக் கொண்டு வந்து இறக்கிவிட்டார். அவரிடம் இருந்தது ஏறத்தாழ 1,000 பேர், பெரும்பாலும் அஸ்காரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். 8,000 பேருக்கு எதிரே ஆயிரம் பேர். எதிரியை மட்டமாக எடைபோட்டிருந்த நம் படையின் தளபதி ஜெனரல் எய்ட்கென் இதை ஒரு சிறு வேலையாக நினைத்தார்.

நவம்பர் 4 அன்று உச்சி வெயிலில் ரப்பர்த் தோட்டங்களுக்கும் புதர்களுக்கும் நடுவே சிப்பாய்களை நடக்கவிட்டார்கள். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்றே தெரியாத அடர்த்தி. இயந்திரத் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கியதும் பாளையங்கோட்டைப் பட்டாளம் சிதறியது, பலர் ஓடினார்கள். போதாததற்கு மரத்திலிருந்த தேன்கூடுகள் கலைந்து தேனீக்கள் கொட்டின. ஆங்கிலத்தில் அந்தச் சண்டைக்கே தேனீச் சண்டை என்று வேடிக்கைப் பெயர் வைத்திருக்கிறார்கள். மறுநாள் மிச்சப் படை கப்பலேறித் திரும்பியது. செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று 800 பேருக்கு மேல் கணக்கு. இயந்திரத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுப் போனார்கள். ஜெர்மானியர் அதே தோட்டாக்களை வைத்துப் பிறகு போரிட்டார்கள்.

இந்தப் பட்டாளத்தைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: ஓடிப்போனார்கள். அந்த வரிக்கு ரத்தமும் சதையும் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அந்தப் படையின் உளவு அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். சிப்பாய்களைக் கேவலமாக எழுதிய அவருடைய நாட்குறிப்பு 1960இல் நூலாக வந்து, பல எழுத்தாளர்கள் அதிலிருந்து அள்ளினார்கள். அந்த மனிதர் தன் வாழ்க்கைக் கதையில் பலவற்றைப் புனைந்தவர், அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திருடித் தன்னுடையவை என்று காட்டியவர் என்பது பின்னால் அம்பலமானது. இந்தப் புனைவுகளைப் பற்றி பிரையன் கார்ஃபீல்டு என்பவர் 2007இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் சிப்பாய்கள் யாரும் நாட்குறிப்பு எழுதி அச்சிடவில்லை. ஆகவே முக்கியச் சாட்சி அவர்தான், அவரும் பொய்ச்சாட்சி.

ஓடவில்லை என்று வாதாட வரவில்லை. ஓடினார்கள். பயிற்சி கொடுக்காமல், இடத்தைக் காட்டாமல், கடல்மயக்கம் தெளிவதற்குள் இயந்திரத் துப்பாக்கி முன்னால் நிறுத்தினால் எந்த ஊர்க்காரனும் ஓடுவான். ஓடாமல் நின்று செத்தவர்களும் அதே பட்டாளத்தில் உண்டு, ஓடும்போது சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. யார் எப்படிச் செத்தார் என்று இனிப் பிரிக்க முடியாது, பிரிக்க வேண்டியதும் இல்லை. பெயர் பொறிப்பது வீரப்பதக்கம் தருவது ஆகாது.

பெயர் பொறிக்கிற விஷயத்தில் அவர்களை அனுப்பியவர்களே தவறை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 1917இல் தொடங்கிய, இன்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் எனப்படும் அமைப்பு, செத்தவர் யாராயினும் ஒரே மரியாதை என்று கொள்கை வகுத்தது. 2021 ஏப்ரலில் அதே ஆணையம் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை அல்லது நினைவுச்சின்னமே இல்லை என்று சொன்னது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. நம்மூர்க் கல்வெட்டுகளும் அந்த மாதிரிதான். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண் மட்டும் சொல்லும். இங்கிலாந்தில் சின்னக் கிராமத்துச் சர்ச் வாசலில்கூட ஒவ்வொருவர் பெயரும் வெட்டியிருக்கிறது.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவனுக்கு ஏன் கல் என்று உங்களிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1801 பிப்ரவரியில் கம்பெனியை எதிர்த்த ஊமைத்துரை சிறையுடைத்து வெளியேறிய ஊர் பாளையங்கோட்டை. கம்பெனிக்குச் சேவகம் செய்த பட்டாளத்தை அதே ஊரில் போற்றுவதா? போற்றச் சொல்லவில்லை. பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து 11 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டவன் பேரரசை நடத்தவில்லை. ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பரில் குண்டு போட்டதற்குச் சென்னை உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு வைத்திருக்கிறோம். ஆறே வாரம் கழித்து ஆப்பிரிக்காவில் செத்த நம் ஆட்களுக்கு வைக்கக் கூடாதா?

பட்டாளம் 1920களில் கலைக்கப்பட்டது. அவர்களுக்காகப் பேச ஒரு படைப்பிரிவுகூட மிச்சம் இல்லை என்பதால்தான் இந்த வேலை உங்களிடம் வருகிறது. செலவு பெரிதல்ல. ஆணையத்தின் பதிவேடு பொதுமக்கள் பார்க்கத் திறந்தே இருக்கிறது. பட்டாளத்தின் பெயரைக் கொண்டு தேடலாம். பல இந்தியச் சிப்பாய்களின் பதிவில் தந்தை பெயரும் ஊரும்கூட உண்டு. உங்கள் அலுவலகத்திலிருந்து முறைப்படி ஒரு கடிதம் போனால் 63ஆம் பட்டாளத்தின் முழுப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் பெயர்களைத் தமிழில் சரிசெய்ய இங்கே கல்லூரிகளில் வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உங்கள் கீழேயே இயங்குகிறது.

பட்டியலை வரவழையுங்கள். பாளையங்கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கல் நடுங்கள். தலைவர் படமும் திறந்து வைத்தவர் பெயரும் அதில் வேண்டாம். செத்தவர்களின் பெயர், ஊர், 1914 என்ற ஆண்டு, தாங்கா என்ற இடம் போதும். வருகிற நவம்பர் 4க்குள் முடியாவிட்டாலும் ஆணையத்துக்குக் கடிதமாவது போயிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாவட்டத்துக் குடிமக்களில் ஒருவன்