ஆறு வயதுக்குள் சாதி வந்துவிடுகிறது

ஆணவக்கொலை நடக்கிற மண்ணில் குழந்தைகள் தொலைக்காட்சி பற்றி எழுதுவதா என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். தாராபுரம் வட்டாரக் கிராமங்களில் அறுபது வயது அருந்ததியர் ஒருவர் பண்ணையக்காரர் வீட்டு நாலு வயதுப் பையனைச் 'சாமி' என்கிறார். அந்தப் பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். பக்கத்தில் நிற்கும் பேரன் இதைப் பார்க்கிறான். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் முன்பே இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம் முடிந்துவிட்டது.

2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். அருந்ததியப் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் மறித்தார்கள். அதிகாரிகள் உடனே செய்தது, சமைத்தவரை இடம் மாற்றியது! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது.

அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 2009இல், பிரிட்டனிலும் பெற்றோர் சிலர் புகார் செய்தார்கள். பிபிசி நடத்தும் சீபீபீஸ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொதுச் சேனல். 2002இல் தொடங்கியது. டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் ஓடுகிறது, விளம்பரம் கிடையாது. வலது முன்கை இல்லாமல் பிறந்த செர்ரி பர்னெல் அதில் தொகுப்பாளராக வந்தார். குழந்தைகள் பயந்துவிடும் என்றார்கள். நம் ஊர்ப் பெற்றோரும் 'குழந்தைக்காகத்தான்' என்றுதானே பேசினார்கள்? ஆனால் பிபிசி அவரை மாற்றவில்லை. 2017 வரை அவர் அங்கே கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரன் நல்லவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. டிரினிடாடில் பிறந்த ஃபுளோயெல்லா பெஞ்சமின் 1976இல் பிபிசியின் 'ப்ளே ஸ்கூல்' நிகழ்ச்சிக்கு வந்தபோது, கதைப் படங்களில் இருந்ததெல்லாம் வெள்ளை முகங்கள். எங்கள் முகம் எங்கே என்று அவர் கேட்டார். கறுப்பினக் குடும்பத்தை மையமாகக் கொண்ட 'ஜோஜோ அண்ட் கிரான் கிரான்' கார்ட்டூன் சீபீபீஸுக்கு வந்தது 2020இல்தான். ஆனாலும் கேட்பதற்கு அங்கே ஒரு பொது நிறுவனம் இருந்தது. மக்கள் பணத்தில் நடக்கும் சேனல் என்பதால் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

இங்கே யாரிடம் கேட்பது? 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் காலனி வீடுகளுக்கும் பெட்டி வந்தது. பெட்டிக்குள் என்ன வந்தது? டோராவும் புஜ்ஜியும் நல்ல தமிழ் பேசினார்கள், இடையிடையே பிஸ்கட் விற்றார்கள். நம் காலனிப் பிள்ளை எந்தத் தமிழும் பேசவில்லை, அவள் திரையிலேயே இல்லை. 2019இல் வந்த கல்வித் தொலைக்காட்சியைக் குறை சொல்ல மாட்டேன். கொரோனாக் காலத்தில் செல்போன் இல்லாத வீடுகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஆனால் அது வகுப்பறைப் பாடத்தைத் திரைக்குக் கொண்டுவந்த சேனல். மூன்று வயதுக் குழந்தைக்குக் கரும்பலகை எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. கொங்கு அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்குதான் பேச்சு. அங்கன்வாடியில் அந்தப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் 'மந்தம்' என்று முத்திரை விழுகிறது. பிரிட்டனின் சிறுபான்மை மொழியான வெல்ஷில் பொது ஒளிபரப்பான எஸ்4சி, சின்னக் குழந்தைகளுக்கென்றே நிகழ்ச்சி நடத்துகிறது. நம் பிள்ளையின் வீட்டு மொழி ஒரு பாட்டிலாவது கேட்டால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

2021இல் தாராபுரம் தனித்தொகுதியில் சுமார் 1,400 ஓட்டில் ஜெயித்த கயல்விழி செல்வராஜ் ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானார். தோற்ற எல்.முருகன் அதே ஆண்டு ஒன்றிய தகவல் ஒலிபரப்புத் துறை இணையமைச்சரானார். தூர்தர்ஷன் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது. 2024இல் பொதிகையை 'டிடி தமிழ்' என்று பேர் மாற்றிப் பிரதமரை வைத்துத் தொடங்கினார்கள். ஒரே தொகுதியில் மோதிய இரண்டு பேரும் அமைச்சர்கள் ஆனார்கள். ஆனாலும் அந்தத் தொகுதிக் குழந்தைக்கு அரை மணி நேரம் கிடைக்கவில்லை.

ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு விளம்பரமில்லாமல் தினமும் ஒரு மணி நேரம் டிடி தமிழிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் ஒதுக்க வேண்டும். கதை சொல்பவர்களில் நம் அக்காக்களும் தாத்தாக்களும் இருக்க வேண்டும், அந்தத் தாத்தாவை எல்லாப் பிள்ளைகளும் 'தாத்தா' என்றே கூப்பிட வேண்டும். புகார் வரும், கட்டாயம் வரும். வந்தால் யாரை இடம் மாற்றப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுவோம்.