நடுகல்லும் ஒளிநாடாவும்

மறைந்து போவனவற்றை மறவாது காக்க விழைவது மனித இயல்பு. அவ்விழைவைத் தமிழர் கல்லிலே பொறித்து வைத்தனர். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச் சிறப்புடையது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்ததாகிய அக்கல்லில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்தது என்பதும் எழுத்திலே காணப்படுகின்றன. உருவமும் பெயரும் ஒருங்கே அமைந்தமையால், ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த வாயில்லாச் சீவனை நாம் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

கல்லின் இடத்தை நம் காலத்தில் காந்த நாடா பெற்றது. 1976ஆம் ஆண்டு ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ். முறையை அறிமுகம் செய்தது. 1985இல் சோனி நிறுவனம் ஹேண்டிகேம் என்னும் பெயரில் கையடக்க வீடியோ கேமராவை வெளியிட்டது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுப்பில் வந்தோர் இத்தகைய கருவிகளைக் கொணர்ந்தனர். விலை குறைந்தது, வாடகைக்கும் கிடைத்தது. அண்ணாமலையைச் சூழ்ந்த 14 கிலோமீட்டர் வலப்பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற சிற்றூர்களிலும் எளிய இல்லத்து விழா படமாவது அரிதன்று என்னும் நிலை வந்தது. மகளின் நிக்காஹுக்கு வர இயலாத தந்தை, கடல் கடந்த ஊரில் கேசட்டைப் போட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். இக்கருவி செய்த தொண்டு சிறிதன்று.

ஆயினும், அந்நாடாக்களை இன்று காண்போர் ஒரு பெருங்குறையை உணர்வர். முகங்கள் உண்டு, பெயர்கள் இல்லை. அணிகலன்களும் பரிசுப் பொருள்களும் நெடுநேரம் காட்டப்படுகின்றன. திரைப்பாடல் ஒலிக்க, உறவினரின் குரல் அதனுள் மறைந்துவிடுகிறது. கூடத்தின் ஓரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் மூதாட்டி ஒரு நொடி தோன்றி மறைகிறார். அவர் யார்? எவ்வூரில் பிறந்தவர்? நமக்கு என்ன உறவு? பேரன் கேட்டால் நாடா விடை கூறாது. நாய்க்கும் பெயர் பொறித்த நாட்டில் பாட்டியின் பெயரைப் பதிய மறந்தோம் என்பது நாணத்தக்கதன்றோ?

வீடியோ எடுப்பதே வீண் ஆடம்பரம் என்பாரும் உளர். குற்றம் கருவியினுடையதன்று, அதனைப் பொன்னின் மேலும் பட்டின் மேலும் திருப்பிய நம் நோக்கினுடையது.

மற்றோர் இடரும் உண்டு. ஒளிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மீது காந்தத் துகள்களைப் பசையிட்டுப் பூசியதேயாம். வெப்பமும் ஈரமும் அப்பசையைத் தளர்த்தும், பூஞ்சையும் படரும். 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியது. பழுதானால் புதியது வாங்க வழியில்லை. காந்த நாடாக்களை விரைந்து படியெடுக்குமாறு 2019இல் யுனெஸ்கோவும் எச்சரித்தது. நாடா தேய்வது ஒருபுறம். அதிலுள்ள முகங்களை அடையாளம் காட்டவல்ல முதியோர் ஒவ்வொருவராய் மறைவது மறுபுறம். முன்னதற்கு மாற்று வழி உண்டு, பின்னதற்கு இல்லை.

இன்று கைப்பேசியே கேமராவாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறோம். பெயரிடாத பழைய குறையையும் உடன் சேர்த்தே பெருக்குகிறோம். கருவி தொலைந்தால் படங்களும் அதனோடு தொலைகின்றன. மிகுதியாக எடுப்பது வேறு, பேணிக் காப்பது வேறு.

ஆகவே, மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் ஒரு நற்பணியை மேற்கொள்ளலாம். பரணில் கிடக்கும் கேசட்டுகளை எடுத்துக் கணினியில் ஏற்றச் செய்க. ஒரே இடத்தில் வைக்காது, இரண்டு மூன்று படிகளை வெவ்வேறு வீடுகளில் வைத்திடுக. பின்னர் வீட்டுப் பெரியவர்களை அருகமர்த்தி அப்படத்தை ஓடவிட்டு, அவர்கள் அடையாளம் கூறுவதையெல்லாம் பதிவு செய்க. இனி எடுக்கும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், ஊர், நிகழ்ச்சி, உறவுமுறை ஆகியவற்றைக் குரலில் கூறுக. படமெடுக்கப்படுவதை விரும்பாதோர் இருப்பின் அவர்தம் மனத்தை மதித்து விலகுக. இசைவு தந்தால் அவர்கள் சொல்லை மட்டும் எழுதி வைத்தல் நன்று. மேடையை மட்டும் காட்டாது, அடுப்படியில் வியர்வை சிந்துவோரையும் பந்தியில் பரிமாறுவோரையும் காட்டுக.

செங்கத்துச் சிற்பிக்கு இருந்தது ஓர் உளியும் ஒரு கல்லுமே. நம்மிடம் எளிய விலையில் எத்தனையோ கருவிகள் உள்ளன. அவன் பெயரை மறவாது பொறித்தான். நம் பிள்ளைகளும் தம் முன்னோரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமெனின், முகத்தோடு பெயரையும் சேர்த்துப் பதிதல் நம் கடமையாகும்.