சறுக்கலைத் திரையில் பழகட்டும்

கண்டியில் பந்தயத் திடல் கிடையாது, வளைவுகளுக்கோ பஞ்சமில்லை. கொழும்பிலிருந்து ஏறும் ஏ1 வீதியில் கடுகண்ணாவைக் கணவாய் இருக்கிறது. கிழக்கே மஹியங்கனைக்கு இறங்கும் ஏ26 வீதியில் ‘18 வளைவு’ இருக்கிறது. வீதியைத் திருத்திய பிறகு அது 17தான், பெயர் மட்டும் மாறவில்லை. இப்படியொரு ஊரில் கார்ப் பைத்தியம் பிடித்த இளைஞனுக்கு வீதியே திடலாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. அந்த ஆசையை வீதியிலிருந்து இறக்கி, மேசையில் ஸ்டீயரிங் பூட்டிய கணினியோடு நிறுத்திக்கொள்பவனைப் பார்த்து ‘கேம் விளையாடியே கெட்டுப்போகிறான்’ என்று திட்டுகிறோமே, அதுதான் வியப்பு.

வளைவில் காரின் வாலை வீசிச் சறுக்கி ஓட்டும் ‘டிரிஃப்ட்’டைப் பழகுபவர்கள் திரையில் தேடிப்போகும் கார் பெரும்பாலும் ஒரு கிழட்டுக் கார்: 1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா ஏ.ஈ.86. 1.6 லீற்றர் எஞ்சின், ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. ஷுய்ச்சி ஷிகெனோ 1995இல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதையில் டோஃபு விற்பவரின் மகன் மலைப்பாதையில் ஓட்டுவது இதைத்தான். அந்தத் தலைமுறையின் மற்றைய கொரோலாக்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட, இது பழைய பின்சக்கர அடித்தளத்திலேயே நின்றது. அந்த அடித்தளம் இங்கு யாருக்கும் புதிதல்ல. இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடிய கே.ஈ.70 கொரோலாவின் வழிவந்தது அது. அப்பா ஓட்டிய காரின் தம்பியைத்தான் மகன் திரையில் ஓட்டுகிறான்.

இத்தாலியின் கூனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘அசெட்டோ கோர்சா’ என்ற கார்ப் பந்தயக் கேமில் அந்தக் காரை ஒருமுறை வளைவுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். கைபிரேக்கைச் சட்டென இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் வெளியே வீசும். பதறிப்போகும் புதியவர் பிரேக்கை மிதிப்பார், இல்லையேல் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். எதைச் செய்தாலும் எடை முன்னே சாயும். பின் டயர்களின் பிடி இன்னும் குறையும். கார் சுற்றிக்கொண்டு நிற்கும். பழகியவர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவதில்லை. வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரங்கள் தாமாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மோட்டார் அதே இழுப்பைக் கைக்குத் தரும். பிடியைத் தளர்த்தி ஓடவிட்டு, உரிய இடத்தில் பிடித்து, காலால் வேகத்தை அளந்து கோணத்தைக் காக்க வேண்டும். வளைவு முடியும் இடம்தான் பொல்லாதது. பின் டயர்கள் மறுபடி பிடிக்கும் கணத்தில் முன்சக்கரங்கள் நேராகாவிட்டால் கார் எதிர்ப்பக்கம் பாயும். லொஜிடெக் ஜி29 போன்ற பற்சக்கர ஸ்டீயரிங்குகள் இந்த வேகத்துக்குச் சற்று மந்தம். பழகுவதற்கு அது போதும்.

இதெல்லாம் சோறு போடாத வித்தை என்று சொல்லலாம். ஆல்டோவும் வகன்ஆரும் அக்வாவும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை என்பதும் சரிதான். ஆனால் பஸ், லொறி, ஹைஏஸ் வேன், ஏன், முச்சக்கரவண்டிகூடப் பின்சக்கரத்தால் தள்ளப்படுபவையே. மழை நாளில் பின்புறம் நழுவும்போது கால் பதறாமல் இருப்பது அவற்றை ஓட்டப்போகிற எவருக்கும் உதவும். கேம் ஓட்டுநர்களைப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுக்க நிஸானும் சோனியும் நடத்திய ஜிடி அக்கடமியில் 2011இல் வென்ற பிரித்தானிய இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓடினார். அவருடைய தொடக்கமும் வீட்டுத் திரைதான்.

செலவையும் பார்க்க வேண்டும். 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய நாடு இது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. மிஞ்சியிருக்கும் பழைய பின்சக்கரக் கார்களைச் சறுக்கிப் பழகி உடைப்பது சுத்த மடமை.

திரை கற்றுத்தராதது பயம். உடலில் அழுத்தம் இல்லை, பள்ளத்தைப் பார்த்து வயிறு கலங்குவதில்லை. மதிலில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். அந்தத் துணிச்சலோடு கடுகண்ணாவையில் இறங்குபவனுக்கு எதிரே வருவது ஆட்கள் நிறைந்த பஸ். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மோட்டார் பந்தயப் போட்டியில் தடம் விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஒழுங்குசெய்த போட்டியிலேயே இந்தக் கதி என்றால், பொது வீதியில் சறுக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே கண்டியின் சாரதி பயிற்சிப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஒரு கணினியும் ஸ்டீயரிங்கும் வாங்கி வைக்கட்டும். அனுமதிப்பத்திரத்துக்கு வரும் பிள்ளை முதன்முதலாகச் சறுக்குவது அங்கேயே நடக்கட்டும். வீட்டில் ஏற்கெனவே பழகும் பிள்ளையிடம் பெற்றோர் கணினியை மூடச் சொல்ல வேண்டாம். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் போதும்.